மீட்டலும் மீளலும்: கொடும்பை வழியில் ஒரு சொற்பாடம்



மணிலாப் பயிர் பொய்த்துப் போன உழவர், ‘அடுத்த பட்டத்து நெல்லில் இதை ஈடுகட்டிவிடலாம்’ என்கிறார். மகளின் திருமணத்திற்காக நகையை அடகு வைத்தவர், ‘அறுவடை முடிந்ததும் மீட்டுவிடுவேன்’ என்கிறார். கடை வைத்து நொடித்துப் போனவர், ‘கையும் காலும் இருக்கின்றன, மறுபடியும் ஈட்டிவிடுவேன்’ என்கிறார். கைப்பேசியில் சூதாடித் தோற்ற இளைஞனோ, ‘விட்டதைப் பிடித்துவிடுவேன்’ என்கிறான்.

நால்வரும் பேசுவது இழந்ததைத் திரும்பப் பெறுவதைப் பற்றியே. ஆயினும் நால்வர் வாயிலும் வந்த சொற்கள் வேறு. அவற்றின் பொருளும் வேறு. இவ்வேறுபாட்டை நம் இல்லத்துப் பிள்ளைகள் அறிந்திருப்பது தமிழ்ப் பயிற்சிக்கு மட்டுமன்றி, வாழ்க்கைக்கும் உதவும். இப்பாடத்தை நாம் ஓர் ஊரின் வழியாகக் கற்போம். அவ்வூர் கொடும்பாளூர்.

கொடும்பை என்னும் கொடும்பாளூர்

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, விராலிமலைக்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ளது கொடும்பாளூர். இருக்குவேள் என்னும் வேளிர் குடியினரின் தலைநகரம் இது. பூதி விக்கிரமகேசரி தம் பெயராலும் தம் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

இவ்வேளிர் சைவம் பேணியவர். எனினும் சமணத் தவத்தோரையும் போற்றினர். தேனிமலையில் தவம் செய்த மலயத்துவசர் என்னும் முனிவருக்கு இருக்குவேள் ஒருவர் பள்ளிச்சந்தம் அளித்த செய்தியை அம்மலைக் கல்வெட்டு கூறுகிறது. சித்தன்னவாசல் உள்ளிட்ட நம் பழம்பள்ளிகள் பல இம்மாவட்டத்தில் இருப்பதை அன்பர்கள் அறிவர்.

இந்நகரம் சிறப்புறுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வழியாக மூவர் நடந்து சென்றதாக இளங்கோவடிகள் பாடியுள்ளார். அம்மூவர் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள். கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்னும் செய்தி, மதுரைக் காண்டத்தின் முதற் பகுதியாகிய காடுகாண் காதையில் வருகிறது. மூவரும் ஏன் அவ்வழியே சென்றனர்? இழந்த பொருளைத் திரும்பப் பெறக் கோவலன் புறப்பட்டான்; கணவனுடன் கண்ணகி சென்றாள்; மதுரையில் பெரியோர்பால் அறவுரை கேட்டு அருகனை வணங்க விரும்பிய கவுந்தியடிகள் அவர்களுக்குத் துணையானார். ஆகவே இழப்பையும் மீட்பையும் பற்றிப் படிக்க இவ்வழியினும் பொருத்தமான வழி வேறில்லை.

சொல் ஒன்று: ஈட்டுதல்

புகார் நகரை விட்டு நீங்கும் முன், கனாத்திறம் உரைத்த காதையில், கோவலன் தன் எண்ணத்தைக் கண்ணகியிடம் கூறுகிறான். முன்னோர் தந்த மலை போன்ற செல்வம் தொலைந்தது தனக்கு நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி, அவன் மாதவிக்குக் கொடுக்கப் பொருள் தேடுகிறான் எனக் கருதிச் சிலம்பு உண்டு, கொள்க என்கிறாள். அதற்கு அவன், அச்சிலம்பை முதலாகக் கொண்டு, போன அணிகலன்களையும் அழிந்த பொருளையும் மதுரையில் ஈட்டத் துணிந்ததாகக் கூறுகிறான்.

இங்கு ஆசிரியர் ஆண்ட சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘மீட்பேன்’ என்று கோவலன் கூறவில்லை; ‘ஈட்டுதல்’ என்றே கூறுகிறான். ஈண்டுதல் என்பது தானே வந்து சேர்தல். ஈட்டுதல் என்பது முயன்று சேர்த்தல். திருந்து, திருத்து என்றும், அடங்கு, அடக்கு என்றும் தன்வினை பிறவினையாவது போலவே ஈண்டு என்பது ஈட்டு ஆயிற்று. செலவழிந்த பொருள் பிறர் கைக்குப் போய்ப் பலவாறு சிதறிவிட்டது. அதே பொருள் இனித் திரும்பாது. அதன் அளவுக்குப் புதிதாக உழைத்துச் சேர்க்க வேண்டும். வணிகர் குடியிற் பிறந்த கோவலன் இதனை நன்கறிந்தே சொல்லைத் தேர்ந்தான் என்னலாம்.

‘முதல்’ என்னும் சொல்லும் அவ்வாறே வணிகச் சொல்லாக நிற்கிறது. வரப்போகும் ஊதியத்தை எண்ணி, உள்ள முதலையும் இழக்கச் செய்யும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது திருக்குறள் 463ஆம் பாடலின் கருத்து. கோவலனிடம் எஞ்சியிருந்த முதல் ஒரே சிலம்பிணை. அதுவும் அவனுடையதன்று, மனைவியினுடையது.

சொல் இரண்டு: ஈடு

ஈடு என்பது இடு என்னும் பகுதியிலிருந்து பிறந்த சொல். கெடு என்பது கேடு ஆனது போலவும், படு என்பது பாடு ஆனது போலவும், இடு என்பது முதல் நீண்டு ஈடு ஆயிற்று. ஈட்டுதலும் ஈடும் ஒலியால் ஒத்திருப்பினும் பிறப்பால் வேறானவை. மாணவர் இதனைக் குழப்பிக் கொள்ளலாகாது.

ஒன்றின் இடத்தில் அதற்கு ஒப்பானதை இடுதலே ஈடு. அதனால் இச்சொல் ஒப்பு என்றும், பணயமாக வைக்கும் பொருள் என்றும், நட்டத்துக்குத் தரும் தொகை என்றும் பொருள்படும். முதலீடு, காப்பீடு, இழப்பீடு ஆகிய இக்காலச் சொற்கள் யாவும் இதனைக் கொண்டே அமைந்தன. பயிர் அழிந்தவர்க்கு அரசு இழப்பீடு தருகிறது என்றால் அழிந்த பயிரையே தருவதாகப் பொருளாகாது. அதன் மதிப்பைத் தருகிறது. மதிப்பிட முடிந்ததற்கே ஈடு உண்டு.

மதிப்பிட முடியாததை இழந்தால் என் செய்வது? கோவலன் கொலையுண்டபின் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தீர்ப்புத் தவறென உணர்ந்து அரியணையிலேயே உயிர் துறந்தான். வளைந்த செங்கோலை அவ்வுயிர் நிமிர்த்தியது எனச் சேரன் செங்குட்டுவன் பாராட்டுகிறான். ஆயினும் கண்ணகிக்குக் கணவன் திரும்பக் கிடைக்கவில்லை. அரசனின் உயிரும்கூட ஒரு வணிகனின் உயிருக்கு ஈடாகவில்லை. உயிர்க்கு ஈடு இல்லை என்பதனாலன்றோ நம் அறநெறி கொல்லாமையை முதல் விரதமாக வைத்தது!

சொல் மூன்று: மீட்டல்

இழந்த அதே பொருளைத் திரும்பக் கொள்ளுதல் மீட்டல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். அதே நகை வருகிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைக் கரந்தைத் திணை எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. நம் மக்கள் வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதியில், ‘தொறு’ எனப்பட்ட ஆநிரைக்காகப் போரிட்டு உயிர் நீத்த வீரர்க்கு எடுத்த நடுகற்களை இன்றும் காணலாம். ஆநிரை ஊர் திரும்பியது; மீட்டவன் திரும்பவில்லை. மீட்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை அக்கற்கள் காட்டுகின்றன.

இனி இச்சொல்லின் இலக்கணத்தைக் காண்க. இதன் பகுதி மீள். ‘மீண்டான்’ என்றால் அவனே திரும்பினான். ‘மீட்டான்’ என்றால் வேறொன்றைத் திருப்பினான். மீளுதல் தன்வினை, மீட்டல் பிறவினை. பொருளை மீட்கலாம், நெறி தவறிய மனிதனோ தானே மீள வேண்டும். இப்பாடத்தின் உயிர்நிலை இவ்வேறுபாடுதான்.

நான்காவது வழக்கு: விட்டதைப் பிடித்தல்

இது நூல் வழக்கன்று. சூதாடு களத்தின் வழக்கு. முன்னர்க் கண்ட மூன்றிலும் உழைப்போ, ஒப்பான பொருளோ, கொடுக்க வேண்டிய கடனோ உண்டு. இதில் அவை எவையும் இல்லை. எந்தச் செயலால் இழந்தானோ அந்தச் செயலாலேயே திரும்பப் பெற எண்ணுவது இது. ஒன்றைப் பெற்று நூறு இழப்பர் சூதர் என்றும், இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை வளரும் என்றும் திருக்குறளின் சூது அதிகாரம் எச்சரிக்கிறது. ஏழு வியசனங்களின் வரிசையில் நம் ஆன்றோர் சூதினை முதலில் வைத்தனர். அன்று கவறும் பலகையும் வேண்டியிருந்தன. ஆடுவோனை ஊரார் கண்டனர். இன்று கைப்பேசி ஒன்றே போதும்; அடுத்த அறையில் இருக்கும் தாயும் அறியாள். ஆதலின் அன்றைய எச்சரிக்கை இன்று இருமடங்கு தேவைப்படுகிறது.

கொடும்பையில் கிடைத்த எளிய வழி

இனி நம் வழிப்போக்கரிடம் திரும்புவோம். உறையூரை விட்டுத் தெற்கே வந்த மூவரும் ஒரு சோலையில் தங்கியபோது, மாங்காட்டு மறையவன் ஒருவனைக் கண்டனர். மதுரைக்கு வழி எதுவென்று கோவலன் வினவினான். கொடும்பைக் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரிவதை அம்மறையவன் விளக்கினான். வலப்பக்கத்து வழி வறண்ட நிலத்தூடே செல்வது. இடப்பக்கத்து வழி திருமால்குன்றத்தின் வழியாகச் செல்வது. நடுவழியில் ஊர்களும் காடும் கலந்திருக்கும். ஆயினும் வழிச்செல்வோரை மயக்கும் தெய்வம் ஒன்று அங்கு உண்டு.

இடப்பக்கத்துக் குன்றில் மூன்று பொய்கைகள் உள்ளன என்றும் அவன் கூறினான். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திர இலக்கண அறிவு கிட்டும். பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் விரும்பியதெல்லாம் கைகூடும்.

சற்று நின்று எண்ணுவோம். செல்வமெல்லாம் இழந்து, மனைவியின் சிலம்பை விற்கச் செல்பவன் முன்னே, ‘ஒரு முறை மூழ்கு, வேண்டியது கிடைக்கும்’ என்னும் சொல் வந்து விழுகிறது. நட்டமுற்றவன் செவிக்கு இதனினும் இனிய சொல் உண்டோ? ஈட்டவும் வேண்டா, ஈடு வைக்கவும் வேண்டா.

இதற்கு விடை கூறியவர் கோவலனல்லர், கவுந்தியடிகளே. இலக்கண அறிவுக்குப் பொய்கை தேவையில்லை, அருகனது ஆகமத்தில் அதனைக் காணலாம் என்றார். முற்பிறப்பின் வினையை இப்பிறப்பிலேயே காண்கிறோம் என்றார். வாய்மை தவறாது பிற உயிர்களைப் பேணி வாழ்வோர்க்குக் கிட்டாத பொருள் ஏதும் உண்டோ என்று முடித்தார். மறையவனை அவன் விரும்பிய வழியே செல்க என அனுப்பிவிட்டார்.

இவ்விடையில் பொருள் தேடுவதைக் கவுந்தியடிகள் பழிக்கவில்லை என்பதைக் குறித்துக் கொள்க. இல்லறத்தான் ஈட்டத்தான் வேண்டும். குறுக்கு வழியில் பெறுவதைத்தான் அவர் விலக்கினார். வாய்மையும் உயிரிரக்கமும் கெடாத முயற்சியே முயற்சி என்றார். பொருளற்றவர் ஒருகால் மீண்டும் பொலிவர், அருளற்றவரோ அற்றவரே என்னும் திருக்குறள் 248ஆம் பாடலின் கருத்தும் இதுவே.

கோவலன் மீண்ட வழி

மூவரும் நடுவழியே சென்றனர். நீர் தேடிச் சென்ற கோவலன் முன் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து நின்றது. அவன் பழைய வாழ்வு அவ்வடிவில் அழைத்தது எனலாம். அவன் மயங்கவில்லை. ஆயினும் அவன் உள்ளம் முழுவதும் மீண்டுவிடவில்லை. அது படிப்படியாக நிகழ்ந்ததை இளங்கோவடிகள் காட்டுகிறார்.

புகாரில் இருந்தபோது, தன் செல்வம் அழிந்ததற்கு மாதவியின் வஞ்சமே காரணம் என்றான். இது முதல் நிலை, குற்றம் பிறர்மேல்.

புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவியின் ஓலையைக் கோசிகன் என்னும் அந்தணன் கொண்டுவந்து தருகிறான். அதைப் படித்த கோவலன், அவள்மேல் தவறில்லை, தவறு தன்னுடையதே என உணர்கிறான். இது இரண்டாம் நிலை, குற்றம் தன்மேல்.

ஊர்காண் காதையில், நெறியிலிருந்து நீங்கித் தன் மனைவியைத் துன்பத்துக்கு ஆளாக்கிச் சிறுமையுற்றதைக் கவுந்தியடிகள் முன் தானே கூறுகிறான். இது மூன்றாம் நிலை. குற்றத்தைப் பெரியோர்பால் ஒளியாது உரைத்தல். அடிகள் அவனைக் கடிந்து நாணுறச் செய்யவில்லை. சூதில் நாட்டை இழந்து, காட்டில் மனைவியையும் பிரிந்த நளன் கதையை நினைவூட்டி, நீ மனைவியைப் பிரியாதிருக்கிறாய் எனத் தேற்றினார்.

கொலைக்களக் காதையில், மாதரி தந்த மனையில் கண்ணகி சமைத்த உணவை உண்டபின், பெற்றோர்க்கும் அவளுக்கும் தான் செய்த பிழைகளை அவளிடமே எடுத்துக் கூறுகிறான். இது நான்காம் நிலை. யாருக்குத் தீங்கு செய்தானோ அவர்முன் ஒப்புதல். அதன் பின்னரே சிலம்புடன் கடைவீதிக்குச் சென்றான், திரும்பவில்லை.

கோவலன் கருதிய ஈட்டம் கைகூடவில்லை. ஒரு காசும் அவன் திரும்பப் பெறவில்லை. ஆயினும் அவன் மீண்டான். பொருளை மீட்கப் புறப்பட்டவன் தான் மீண்ட கதையாகவும் சிலப்பதிகாரத்தைப் படிக்கலாம்.

நம் ஆகமச் சொல்

இவ்வாறு மீளுதலுக்கு நம் ஆகமத்தில் பெயர் உண்டு. ‘பிரதி’ என்றால் திரும்ப; ‘கிரமணம்’ என்றால் அடியெடுத்து நடத்தல். தவறிச் சென்ற இடத்திலிருந்து திரும்பி நடத்தலே பிரதிக்கிரமணம். தமிழில் ‘மீளல்’ என்றால் பொருள் சிறிதும் சிதையாது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தத்தை ஒன்பது வகையாகக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது ஆலோசனை. அதாவது செய்த குற்றத்தைக் குருவின் முன் மறையாது கூறுதல். இரண்டாவது பிரதிக்கிரமணம். ஒப்புக்கொள்ளாதவன் மீள இயலாது என்பதால் ஆலோசனை முன் நிற்கிறது.

மீளுதல் தன்வினையாயினும், மீள்பவனுக்குத் துணை நிற்பதும் ஓர் அறமே. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாகிய ஸ்திதிகரணம், நழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துவதைக் குறிக்கிறது. வாரிஷேணர் கதையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சான்றோர் கூறுவர். துறவு பூண்டும் மனம் இல்லத்தையே நாடிய தம் நண்பரை அவர் இகழ்ந்து விலக்கவில்லை, அருகிருந்தே நிலைநிறுத்தினார். ஊர்காண் காதையில் கவுந்தியடிகள் கோவலனுக்குச் செய்ததும் அதுவே.

இல்லந்தோறும் எண்ண வேண்டியது

நட்டம் நேராத குடும்பம் இல்லை. ஒரு பிள்ளை பொருளை இழந்து நிற்கும்போது, வீட்டார் முதலில் கேட்பது ‘எவ்வளவு போயிற்று?’ என்பதே. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அக்கேள்வி கேட்கும் குரலைப் பொறுத்தே அவன் உண்மை சொல்வதும் மறைப்பதும் அமையும். மறைப்பவன் விட்டதைப் பிடிக்க மீண்டும் களத்துக்கே செல்வான். சொல்லத் துணிந்தவன் மீளத் தொடங்கிவிட்டான். எனவே, சொல்ல இடம் தரும் வீடே அவனுக்குப் பெருந்துணை.

கண்ணகி ஒன்றும் கேளாமல் சிலம்பைத் தந்தாள். அவள் பெருமை உலகறிந்தது. எனினும் நம் இல்லங்களில், எஞ்சிய முதலை எடுத்துக் கொடுக்குமுன் கணக்கைச் சேர்ந்தமர்ந்து பார்ப்பது நன்று. கடன் எத்துணை, ஈட்டும் வழி யாது, அவ்வழி வாய்மைக்கும் உயிரிரக்கத்துக்கும் ஒத்ததா எனக் கேட்டுத் துணிய வேண்டும். தசலட்சண பர்வத்தின் முடிவில் க்ஷமாவணி நாளன்று ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். அச்சொல்லைப் பிள்ளையிடம் பெற்றோரும் பெற்றோரிடம் பிள்ளையும் மனமாரக் கூறும் நாளாக அது அமையட்டும்.

இறுதியாக ஒன்று. பொருட்கணக்கில் இழப்பு என்றால் நட்டம். வினைக்கணக்கிலோ வினையை இழப்பதே ஊதியம். அதற்கு நிர்ஜரை, அதாவது உதிர்ப்பு என்று பெயர். போன பொருளை ஈட்டுங்கள். அடகு வைத்ததை மீளுங்கள் என்று யாரும் கூறுவதில்லை, மீட்டுங்கள் என்று கூறுவதுமில்லை. மீட்டுக்கொள்ளுங்கள் என்பதே வழக்கு. நெறி தவறியவனை நோக்கி மட்டுமே ‘மீண்டு வா’ என்கிறோம். அச்சொல்லை அன்போடு சொல்லக் கற்போம்.

பயிற்சி

1. ஈட்டுதல், ஈடு, மீட்டல் ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை உங்கள் வீட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குக.

2. மீள், மீட்டல் போன்றே நீள் என்பது நீட்டு என்றும், உருள் என்பது உருட்டு என்றும் வரும். இவ்வாறு தன்வினை, பிறவினை இணைகள் மேலும் ஐந்து எழுதுக.

3. இட்டசித்திப் பொய்கையைப் பற்றிக் கவுந்தியடிகள் கூறிய விடையை உங்கள் சொற்களில் எழுதுக.

4. கோவலன் மீண்ட நான்கு நிலைகளுள் கடினமானது எது? பெரியோருடன் அமர்ந்து உரையாடுக.

நல்லறம் ஓங்குக!